ஆஸ்டினுக்குக் கடைசிப் பூச்சு

வண்டிக்குப் பெயிண்ட் என்றால் எல்லோரும் பெயிண்டைத்தான் நினைக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பது அரை நாள் வேலை. மிச்சமெல்லாம் தேய்ப்புதான். பழைய பெயிண்டைத் தகரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். நசுங்கியதைத் தட்டி எடுத்து, பிரைமர் அடித்து, பள்ளத்தில் பட்டி பூச வேண்டும். அது காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கைக்கு மேடு பள்ளம் தட்டினால் மறுபடியும் பட்டி, மறுபடியும் தேய்ப்பு. அடிப்பது என் வீட்டுக்காரர் ராஜாக்கண்ணு. தேய்ப்பது நான். பேரெல்லாம் அவருக்கு. எனக்கு விரல் ரேகை போனதுதான் மிச்சம். கைநாட்டு வைக்கச் சொன்னால் வெறும் மைத்திட்டு விழுகிறது.

கண்ணமங்கலத்தில் ஆரணி ரோட்டோரம் எங்கள் ஷெட். அந்த வருஷம் சித்திரையில் ஒரு நாள் அவர் இருமி இருமி ஷெட் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். வேலூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பெயிண்டில் கலக்கும் தின்னர் புகையை இதற்குமேல் இழுத்தால் நெஞ்சு தாங்காது என்று சொன்னார். சொன்னால் கேட்கிற ஆளா இவர்? படவேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் ரேணுகாம்பாள் சன்னதியில் நிறுத்தினேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஆடி முதல் வெள்ளியிலிருந்து ஸ்பிரே கன்னைக் கையால் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. கை சுட்டதற்கு வழியெல்லாம் என்னைத்தான் திட்டினார்.

எனக்குக் கோயில் வாசலிலேயே பாதி அலுப்பு இறங்கிவிட்டது. ஷெட்டில் டீக்கடை போடுவது என்று முடிவு செய்து, பழைய பாய்லர் ஒன்றும் வாங்கி வைத்தேன். ஆடியோடு அவர் நெஞ்சுக்கும் ஓய்வு, என் கைக்கும் ஓய்வு என்று இருந்தேன்.

அப்போதுதான் தாண்டவராயன் வந்தார். புளி வியாபாரி. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அவருக்குப் புளிக்கிடங்கு உண்டு. அவருடைய அப்பா ஓட்டிய ஆஸ்டின் கார் அந்தக் கிடங்கில் கோணி போர்த்திக் கிடந்தது. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், அந்த வண்டியில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்றார். இன்ஜினைக் கழற்றி வேலூருக்கு அனுப்பியிருந்ததால் வண்டியைக் கீழே கொண்டுவர வழியில்லை. நாங்கள்தான் மேலே போக வேண்டும்.

"கடைசி வண்டி, பாஞ்சாலை. ஆடிக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு ஆசை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனி பிறந்ததும் மலை ஏறினோம். கிடங்கின் ஒரு பக்கம் புளி மூட்டை, ஒரு பக்கம் வண்டி, நடுவில் எங்கள் சமையல். காற்றடிக்கும் மெஷினை ஓட்ட ஒரு ஆயில் இன்ஜின் இருந்தது. கிடங்குக்குக் காவல் சடையன். அதே மலைக்காரர், அறுபதுக்கு மேல் இருக்கும். கொஞ்சம் சாமை விதைத்திருந்தார். காலையில் கூழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் தேய்ப்பதைப் பார்த்தபடி குந்தியிருப்பார்.

"இன்னாம்மா, பூசறதும் நீங்களே, தேய்ச்சி எடுக்கறதும் நீங்களேவா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எங்க பொழப்பே அப்படித்தான் கீதுண்ணா" என்றேன். அவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். கட்டியவர்கூட அப்படிப் பரிதாபப்பட்டதில்லை.

மலையில் அந்த மாதம் மூட்டம் அதிகம். ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிடும். அதனால் உச்சிவெயில் தலைகாட்டும் நேரத்தில் மட்டும்தான் கன்னை எடுப்பார். வெயில் வராத நாளெல்லாம் தேய்ப்பு. கருஞ்சிவப்பு நிறத்தை நைலான் துணியில் வடிகட்டி, தின்னர் கலந்து, மெல்லிசாக ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறை அடித்த பிறகும் வெளியே போய் மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமுவார். நான் உள்ளே நின்று அது எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசிப் பூச்சுக்கு முன்னால் வண்டி முழுவதையும் மிக நைசான பேப்பரால் சோப்புத்தண்ணீர் விட்டுத் தேய்த்தாக வேண்டும். அப்போதுதான் அடுத்த பூச்சு பிடிக்கும். தேய்த்ததும் பளபளப்பெல்லாம் போய் வண்டி மங்கலாக நிற்கும். புதன்கிழமை அப்படித் தேய்த்து நிறுத்தினேன். வியாழன் மத்தியானம் கடைசிப் பூச்சு, ஆடி முதல் வெள்ளி காலை பஸ்ஸில் இறக்கம், சாயங்காலம் படவேடு. பாத்திரத்தைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன்.

வியாழன் காலையில் மூட்டம் கிடங்குக்குள்ளேயே வந்துவிட்டது. வண்டியெல்லாம் பனி ஈரம். துணியால் துடைத்தேன். மத்தியானம் வெயில் வந்தது. இவர் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் தொடங்கி, கதவு, கூரை என்று அடித்துக்கொண்டே முன்னால் வந்தார். கண்ணாடி மாதிரி விழுந்தது. முன்பக்கத்து பானெட்டில் அடித்தபோது கை நின்றுவிட்டது.

பெயிண்ட் உட்காரவில்லை. சின்னச் சின்ன வட்டமாக விலகி விலகி ஒதுங்கியது. பானெட் முழுவதும் அம்மை வார்த்த மாதிரி ஆகிவிட்டது. முன் மட்கார்டு இரண்டிலும் அதே கதை.

இவர் குனிந்து அடிக்காத ஓரத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். என் மூக்கருகே நீட்டினார். விளக்கெண்ணெய்.

சடையன் மறைக்கவெல்லாம் இல்லை. "நான்தான் மேஸ்திரி, விடியக்காலையில தடவுனேன்" என்றார். "எங்க சாமிக்கல்லு காஞ்சி வெளுத்துப் போச்சின்னா எண்ணெ தடவுவோம், முகம் வந்திடும். வண்டி நேத்து வரைக்கும் சொலிச்சிதே. இந்தம்மா தேய்ச்சி தேய்ச்சி ஒளி போய்ட்டுது. அதான் முகத்துக்கு மட்டும் தடவி வுட்டேன்."

பனி ஈரத்தோடு ஈரமாக நினைத்து அந்த எண்ணெயை நானே பரப்பித் துடைத்திருக்கிறேன். யாரைத் திட்டுவது? அவர் எனக்கு உதவியாகத்தான் செய்திருக்கிறார். வீட்டு விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, தண்ணீர் வாளியை எட்டி உதைத்தேன்.

சாயங்காலம் லாரியில் தாண்டவராயன் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தார். "இன்னா கொறச்சல்? நல்லாத்தான கீது. முன்னாடி பூரா பூ தொங்கப் போவுது. பானெட்ட எவன் பார்க்கப் போறான்?" என்றார்.

அந்த நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. இவர் வாயைத் திறந்தார்.

"பூ ஒரு நாள்ல காஞ்சிடுமேங்க" என்றார். "எண்ணெ மேல புடிச்ச பெயிண்ட் கோடைக்குள்ள உரிஞ்சிடும். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க."

"கல்யாணத்துக்குள்ள முடிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு அவர் லாரி ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கீழே எல்லோரும் மஞ்சள் புடவையில் படவேட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். நான் கட்டிய பாத்திரத்தை அவிழ்த்து உலை வைத்தேன். இவர் பானெட்டின் அந்தப் பூச்சை வழித்து எடுத்து, பெட்ரோலால் கழுவி, சோப்பால் கழுவி, வாட்டர் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். தேய்த்தோம். சடையன் தண்ணீர் சுமந்து ஊற்றினார். வண்டியைத் தொடவே பயந்தார்.

"தேய்ச்சிட்டு?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார்.

"இன்னாங்க, உங்களத்தான். தேய்ச்சி முடிச்சிட்டு யாரு அடிக்கறது? நீங்க கன்னைத் தொடக் கூடாது. கண்ணமங்கலத்துலேர்ந்து வேற ஆளும் வரப் போறதில்ல. இன்னாத்துக்குத் தேய்க்கறோம்?"

"தெரியல" என்றார். தலை நிமிரவில்லை. "அப்பிடியே வுட்டுட்டு வர்றதுக்கு மனசு வரல, பாஞ்சாலை."

சத்தியத்தையும் மீறமாட்டார், வண்டியையும் விடமாட்டார். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் அவர் ஒரு ஓரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். விட்டால் தகரம் ஓட்டையாகும்வரை தேய்ப்பார் என்று தோன்றியது. அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில்தான் புத்தி கெட்டுப்போனேன்.

மூட்டம் விலகி வெயில் வந்த நாள், பெயிண்டை அவரையே கலக்கச் சொன்னேன். கலக்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை. பிறகு ஈரத்துண்டை என் முகத்தில் கட்டிக்கொண்டு கன்னைக் கையில் எடுத்தேன். இத்தனை வருஷமாக எதிரில் நின்று பார்த்த வேலைதான், ஆனால் கையில் எடுத்ததும் தூக்கு வாளி கனம் கனத்தது.

"வெளியில போய் உட்காருங்க" என்றேன்.

"நீ..."

"போங்கன்றேன்."

புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். முதலில் பழைய தகரத்தில் அடித்துப் பார்த்தேன். சத்தத்தை வைத்தே அங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "காத்து ஜாஸ்தி, கொற." "மணிக்கட்ட மடக்காத, தோள்லேர்ந்து கை போவட்டும்." "ஓரத்துல கைய நிறுத்தாத." அடித்தேன். தின்னர் துண்டைத் தாண்டித் தொண்டையில் இறங்கியது. இவ்வளவு காலம் இவர் எதைக் குடித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. கண் எரிந்தது, ஆனால் பெயிண்ட் உட்கார்ந்தது. எங்கேயும் வட்டமாக விலகவில்லை. இடது மட்கார்டில் மட்டும் ஒரு சொட்டு வழிந்தது. அதைக் காயவிட்டு அவரே தேய்த்துச் சமன் செய்தார்.

அதன்பிறகு பளபளப்பு ஏற்றும் காம்பவுண்ட் பசை போட்டுத் துணியால் தேய்த்து, மெழுகு பூசி, அதையும் தேய்த்தோம். எல்லாம் முடிந்ததும் அவர் பானெட்டருகில் குனிந்து, பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்தார். கிடங்கின் வாசலும் வெளியே இருந்த மரமும் அதில் இலை இலையாகத் தெரிந்தன. சடையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்து, "இப்ப முகம் வந்திடுச்சி" என்றார்.

இவர் கன்னைத் தின்னரில் கழுவச் சொன்னார். நான் கழுவித் துடைத்து அவருடைய பெட்டியில் வைக்கப் போனேன். "உன் பையில வச்சிக்க" என்றார்.

அது எனக்கு அப்போது புரியவில்லை. பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

வீடு வந்து சேர்ந்த மறு வாரமே ஷெட் வாசலில் ஓர் அம்பாசடர் வந்து நின்றது. கண்ணமங்கலம் டாக்சிக்காரர் ஒருவருடையது. தாண்டவராயனிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். டீக்கடை போடப் போகிறோம் என்று நான் சொல்வதற்குள் இவர் வண்டியைச் சுற்றிவந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "விடுங்க, பண்ணிடலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். மலை ஏறுவதற்கு முன் முகத்தில் இருந்த அதே ஆசை.

சத்தியத்தை அவர் இன்றுவரை மீறவில்லை. கன்னைத் தொட்டதே இல்லை. இருமலும் குறைந்து, ஆள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். இப்போது தேய்ப்பது அவர். அடிப்பது நான். பாய்லர் ஷெட் மூலையில் அப்படியே கிடக்கிறது.

போன மாதத்திலிருந்து எனக்கு இருமல். வெளியே போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமும்போது, உள்ளே அவருடைய வாட்டர் பேப்பர் சத்தம் நின்றுவிடுகிறது. நான் இருமி முடிக்கும்வரை அது தொடங்குவதில்லை. ஆடி வருகிறது. நானும் ஒரு சூடம் வாங்கி அணைத்துவிடலாம்தான். அணைத்துவிட்டால் கன் மறுபடி அவர் கைக்குப் போய்விடும்.