மதன் மச்சான் மாற்றிய மூன்றெழுத்து

பேத்துப்பாறை ஊருக்கே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியவன் தான்தான் என்பது மாதிரி மதன் நடந்துகொள்வான். கொடைக்கானலில் ஒரு சென்டரில் ஆறு மாதம் படித்தான். ஏழாம் மாதம் அங்கேயே 'சார்' ஆகிவிட்டான். கல்யாண வீட்டுக்குக்கூட கழுத்தில் பென் டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் போவான். அவன் மச்சினி சத்தியபிரியாவுக்கு அதைப் பார்த்தாலே எரியும். அக்கா மகாராணியின் புருஷன் என்பதற்காக "வாங்க மச்சான்" என்பாள். அதற்கு மேல் அவனை மதிக்க ஒரு காரணமும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

2006 மழைக்காலம். டவுனில் மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அவள் வீட்டில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த பெண்கள் பத்தொன்பது பேரை, ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லச் சொல்ல அதில் அடித்து வைத்திருந்தாள். தாளில் ஒரு வரிகூட இல்லை. கப்பலில் கைப்பிள்ளையைப் பறிகொடுத்த வீரம்மா, சொல்லி முடித்ததும் எழுந்துவிட்டாள். "இனி இதப் பத்தி என்கிட்ட கேக்கப்படாது புள்ள. ஒருக்காத்தான் சொல்லுவேன்."

இதையெல்லாம் புத்தகமாகப் போடுவதாகச் சொன்ன மதுரைப் பெண்கள் அமைப்பு, பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொன்னது. அப்படி மாற்றச் சத்தியபிரியாவுக்குத் தெரியாது. மகாராணி உடனே புருஷனை அனுப்பிவைத்தாள்.

"இதெல்லாம் ஒரு சோலியா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் மதன். எதையோ திறந்து, எதையோ சொடுக்கி, கோப்புப் பெயரின் கடைசியில் ஒளிந்திருந்த டிஓசி என்ற மூன்றெழுத்தை வெளியே கொண்டுவந்தான். அதை அழித்துவிட்டுப் பிடிஎஃப் என்று அடித்தான். திரையில் இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது.

"மச்சான், ஏதோ கேக்குது, என்னன்னு படிங்க."

"அது சும்மா கேக்கும். படிக்காதவங்கதான் பயப்படணும்." தட்டினான். கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் நீலமாக இருந்த சின்னப் படம் சிவப்பாக மாறியது. "பாத்தியா? செவந்துருச்சு. பிடிஎஃப் ஆயிருச்சு."

திறந்துகூடப் பார்க்கவில்லை. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், சென்டரிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினான்.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து போன் வந்தது. கோப்பு திறக்கவில்லையாம். "அவங்க கம்ப்யூட்டர் டப்பாவா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்த மதன், வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தான். இங்கேயும் திறக்கவில்லை. கோப்பு கெட்டிருக்கலாம் என்று காட்டியது. வீரம்மா வீட்டு வாசலில் போய் நின்று சத்தியபிரியா என்ன சொல்வாள்?

மதன் கொஞ்சநேரம் மோவாயைத் தடவினான். "வைரஸு. வேற ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணணும். சிடி கையோட கொண்டாந்திருக்கேன்."

"அழிச்சா அந்தப் பொம்பளைங்க சொன்னதெல்லாம்?"

"திரும்பக் கேட்டு அடிச்சுக்க வேண்டியதுதான். நீ வீட்டுல சும்மாத்தான இருக்க?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. இத்தனை பெரிய உடம்பில் இத்தனை சின்ன மூளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் பஸ் ஏறி இறங்குகிறான் என்றுதான் தோன்றியது.

"எந்திரிங்க மச்சான்."

"ஏ புள்ள, உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குப் படிக்கத் தெரியும். எந்திரிங்க."

புதிதாக ஒரு கோப்பைத் திறந்து தன் பெயரை மட்டும் அடித்துச் சேமித்தாள். அவன் செய்ததைப் போலவே அதன் கடைசி மூன்றெழுத்தை மாற்றினாள். அதே பெட்டி வந்தது. இந்த முறை இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இந்த எழுத்துகளை மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம் என்று அது வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. மாற்றினாள். திறக்கவில்லை. பழைய மூன்றெழுத்தையே திரும்ப அடித்தாள். அவள் பெயர் வந்து நின்றது.

பிறகு பெரிய கோப்பு. டி, ஓ, சி. பத்தொன்பது பேரும் இருந்தார்கள். வீரம்மாவின் கடைசி வரி வரைக்கும் இருந்தது.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றான் மதன்.

மறுநாள் வெள்ளனே சத்தியபிரியா கோப்பை ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்த் தானே அனுப்பினாள். 'பிடிஎஃப் ஆக்க எனக்குத் தெரியவில்லை, இப்படியே அனுப்புகிறேன்' என்று மின்னஞ்சலின் மேலே எழுதியிருந்தாள். இதுவே போதும், திறந்துவிட்டது, படித்துக்கொண்டிருக்கிறோம் என்று சாயங்காலமே போன் வந்தது.

அடுத்த வாரம் ஊர் முழுக்க வேறு கதை. வைரஸ் தின்ன இருந்ததை மதன் சார்தான் காப்பாற்றினாராம். மகாராணியே வந்து குறைபட்டாள்: "அவரு அவ்வளவு சிரமப்பட்டிருக்காரு, நீ ஒரு நன்றி சொன்னியா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள் சத்தியபிரியா. சொன்னால் அவன் மறுப்பான், அக்கா அழுவாள், அவனை ஒரு பொருட்டாக வைத்து அரைநாள் பேச வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கு அரைநாளா?

"நன்றி சொல்லிட்டதா அவருகிட்ட சொல்லிரு" என்றாள்.