கறுப்புத் துணி

நூல் மில்லில் நைட் ஷிஃப்ட்டை விட்டது உடம்புக்கு முடியாமல் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பொய். விடியற்காலையில் புறா பறக்கவிட வேண்டும், அதற்காக விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வினோலியாவைப் பெண் பார்க்க வடமதுரையிலிருந்து வருவதாக இருந்தது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. முன்பு வந்த மூன்று இடமும் அமையவில்லை. அம்மா முதல் பூசைக்குப் போய்வந்து கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் ஆறரைக்குச் சாம்பல் புறாவை விட்டுவிட்டு மொட்டை மாடியில் நின்றேன். பந்தயம்கூட இல்லை, பழக்குவதுதான். பந்தயத்துக்கு ஐந்து மணி நேரம் பறக்க வேண்டும். ஒரு நாள் சீக்கிரம் இறங்கவிட்டால் மறுநாளும் இறங்கும். அதனால் தாழ வரும்போதெல்லாம் நீளக் கழியில் கறுப்புத் துணி கட்டி ஆட்டி விரட்டுவோம்.

பதினொன்றே காலுக்குப் புறா தாழ்ந்தது. ஆட்டினேன். அப்போதுதான் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி எங்கள் மாடியைப் பார்த்தார்கள். கீழே அம்மாவின் போன் அடித்தது.

"துட்டியெல்லாம் ஒண்ணுமில்லங்க, யாரும் சாகல... மகன் புறாவுக்கு..."

போனைக் கையில் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். "ஏலே இனிகோ, அதக் கீழ போடுடா. கறுப்புக் கொடின்னு நெனைக்கிறாக."

"செத்த நேரம்மா. பதினஞ்சு நிமிசம்."

"வந்தவுக தெருவுல நிக்கிறாகடா."

கை தானாக ஆடியது என்று எழுதினால் அதுவும் பொய். நிறுத்த வேண்டாம் என்று முடிவு செய்துதான் ஆட்டினேன். கார் பின்னால் போய்த் திரும்பியது.

அக்கா பட்டுச்சேலையோடு படியேறி வந்தாள்.

"போயிட்டாக," என்றாள். "மொத வரவுலயே கறுப்புக் கொடியாம்."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஷிஃப்ட்டு முடிச்சு வந்து தூக்கமில்லாம எம்புட்டு எளைச்சுக் கெடந்த. மனசு அடங்கும்னு மொத புறா ஜோடிய நாந்தாண்டா வாங்கியாந்தேன்."

உண்மைதான். அந்த முதல் மாதம், காலையில் அரை மணி நேரம் அவற்றைப் பார்த்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வந்தது.

அவள் கழியை வாங்கிச் சுவரோரம் கிடத்தினாள். புறா ஒரு வட்டம் போட்டுக் கூண்டின் மேல் இறங்கியது. நான் போனில் மணி பார்த்தேன். பதினொன்று இருபத்திரண்டு. எட்டு நிமிடம் குறைவு.

அதற்குப் பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நான் மணி பார்த்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.