பின்னேரக் கிளினிக்

சத்திரசிகிச்சைப் பேராசிரியர் நாகரெத்தினத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்றைய பீடக் கூட்டத்தில் அவர் பேசியது பக்கத்துக் கதிரைக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நோயாளி மூச்சுக்குத் தவிக்கக்குள்ள எங்கட பிள்ளையள் விலை பாக்கிறதா? சுகாதாரப் பொருளியலை நிப்பாட்டிப்போட்டு அந்த மணித்தியாலங்களைச் சத்திரசிகிச்சைக்குக் குடுங்க."

அந்தப் பாடத்தைப் படிப்பித்தவள் எமிலி. மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சில்லறை மிஸ்'. அது அவளுக்கும் தெரியும். மருத்துவம் முடித்து, அதற்கு மேல் இந்தப் பாடத்தை ஆசையோடு தேடிப் படித்து வந்தவள். பாடம் போனால் தன் பாதி உயிர் போன மாதிரித்தான் என்று நினைத்தாள். நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சேர், படுவான்கரையில இருக்கிற உங்கட சீனி வருத்தக் கிளினிக்குக்கு அரைவாசிப் பேர் வாறல்ல. எங்கட பிள்ளையள் அவங்களைத் திரும்ப வரவச்சா பாடத்தை இருக்க விடுவீங்களா?"

பேராசிரியருக்கு அது புண்ணில் கை வைத்த மாதிரி. வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, போர் ஓய்ந்த பிறகு ஒவ்வொரு செவ்வாயும் பாதைப் படகில் வாவியைக் கடந்து போய் நீரிழிவுக் கிளினிக் நடத்துகிறவர் அவர். மருந்து இலவசம், ஆள்தான் இல்லை. கடைசியில் கால் அழுகிய பிறகு வருவார்கள், காலை எடுக்க வேண்டி வரும். வராதவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றி வர ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் வாகனம் கேட்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு கடலைக் கண்ணால் காணாதவனுக்கும் நிறுவனங்கள் தோணி கொடுத்த ஊர் இது. வாகனம் தரவா மாட்டார்கள்?

"செய்து காட்டுங்க. இந்த அறுவடை முடியுமட்டும் தவணை தாறன்" என்றார்.

மாணவர்களில் ஏறாவூர்ப் பரீனாவும் சிவதர்சனும் முன்னுக்கு வந்தார்கள். பஸ் காசுதான் பிரச்சினை என்று முடிவுகட்டி, பக்கத்து ஊரான பழுகாமத்திலிருந்து ஆட்களை ஏற்றிவர இலவச உழவு இயந்திரம் பிடித்தார்கள். அதன் இழுவைப் பெட்டியில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சிவன் கோயிலுக்குப் போக வந்தவர். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, நன்றி சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார்.

எமிலிக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அடுத்த வகுப்பில் பிள்ளைகளை ஏசவில்லை.

"செலவு எண்டா பஸ் காசு மட்டுமா? ஒண்டை எடுக்க எதை விடுறம் எண்டதுதான் செலவு. வந்திருந்தா அவங்க எதை விட்டிருப்பாங்க? அதைக் கேளுங்க."

இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அவளே வீரகத்தியைத் தேடிப் போனாள். காலில் ஆறாத புண்ணோடு மூன்று கிளினிக்கைத் தவறவிட்ட விவசாயி அவர். முன்பு கேட்டபோதெல்லாம் "ஓம், வாறன்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியவர். வட்டையின் வயல்களுக்கு நடுவே, களவெட்டி என்ற நெற்களத்தில் சூடு மிதித்து நெல் பிரித்துக்கொண்டிருந்தார். பரீனா செருப்போடு உள்ளே கால் வைக்கப் போனாள். அவர் கையை உயர்த்தி மறித்தார். நெல் முழுக்கச் சாக்கில் ஏறிக் கட்டி முடியும்வரை ஒரு சொல் பேசவில்லை. மூவரும் வரம்பில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானம் கடந்துதான் வெளியே வந்தார்.

"செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வந்திருந்தா உங்களுக்கு என்ன போயிருக்கும் ஐயா?" என்று பரீனா கேட்டாள்.

"பொலி, களத்து நெல்லு போயிருக்கும், புள்ள. விடிய களவெட்டிக்குள்ள இறங்கினவன் பொலி சாக்கில ஏறுமட்டும் வெளிய போகப்படாது. போனா விளைச்சல் குறைஞ்சிரும். இண்டைக்கு எண்ட களம், நாளைக்கு மச்சாண்ட களத்தில நான் இறங்க வேணும், மத்த நாள் தம்பிக்கு. இத்தன வருசத்துக்குப் பிறகு காணி கைக்கு வந்து விளைஞ்ச முதல் வெள்ளாமை. அவங்கட பொலிய நான் கெடுக்கிறதா?"

எமிலிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பஸ்ஸுமில்லை, அறியாமையுமில்லை. கிளினிக் தொடங்கும் காலை எட்டு மணிதான் பிழை.

அன்றைக்கே பேராசிரியரிடம் போனாள். கிளினிக்கைப் பின்னேரம் மூன்று மணிக்கு மாற்ற வேண்டும், அறுவடை முடியும்வரை இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"மூடநம்பிக்கைக்கு நான் நேரம் மாத்திறதா?"

"நீங்க அதை நம்ப வேணாம் சேர். அதுக்கு அவர் என்ன விலை குடுக்கிறார் எண்டு பாருங்க. சொந்தக் காலையே குடுக்கிறார்."

பேராசிரியர் கிளினிக் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, "வாற செவ்வாய் பாப்பம்" என்றார்.

புதிய நேரத்தைப் பரீனாவும் சிவதர்சனும் களம் களமாகச் சொல்லி வைத்தும், செவ்வாய் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி விறாந்தை வெறுமையாய்க் கிடந்தது. மூன்றரைக்கும் அப்படித்தான். சிவதர்சன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து தேய்ந்தான். எமிலி கண்ணை மூடி ஆண்டவரை மன்றாடினாள். மன்றாட்டு பாதிகூட வரவில்லை, வெளியே சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

வந்தார்கள். குளித்த தலையோடு சிலர், தலைமயிரில் வைக்கோலோடு பலர். வீரகத்தி மச்சானையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தார். தம்பிக்கும் சீனி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உட்கார வாங்கு போதாமல் சனம் வேப்பமரத்தடி வரைக்கும் நின்றது. பேராசிரியர் தேத்தண்ணீரை மறந்தார். நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, "வாகனம் வேணாம். இருக்க வாங்கு தாங்க, மருந்து தாங்க" என்றார். எமிலி பகிரங்கமாகவே அழுதாள், சிரித்துக்கொண்டு.

பேராசிரியர் வீரகத்தியின் புண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாடம் இருக்கட்டும், மிஸ். எண்ட விரிவுரையில இருந்தும் நாலு மணித்தியாலம் எடுங்க."

"அது உங்கட பாடத்துக்கு நட்டமில்லையா, சேர்?"

"நான் எத்தினையோ வருசமாக் காலை எப்பிடி வெட்டுறது எண்டு படிப்பிச்சன். இந்தக் கால் நிக்கப் போகுது. நட்டம் எது எண்டு இப்பதான் விளங்குது." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "பரீனா, அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."