பௌரோவின் பெயர் வரவில்லை

சாயங்காலமானால் இசிமேலி சங்கை ஊதிவிட்டு ஊரைச் சுற்றிக் கத்திக்கொண்டு போவான். நாளைக்கு யார் புல் வெட்டுவது, யார் வாய்க்கால் அள்ளுவது என்று பெயர் பெயராகச் சொல்வான். எங்கள் தீவில் அரசாங்கம் என்பது அவன் தொண்டைதான். நாங்கள் ஆளுக்கொரு மறைவில் பதுங்கிக்கொள்வோம். பௌரோ மட்டும் வாசலுக்கு ஓடி வந்து நிற்பான்.

கிரிபாட்டித் தீவில் கிணற்றுக்குள் கடல் புகுந்தபின் மனைவி தெரேத்தியாவோடு இங்கே வந்தவன். குடியிருக்க அனுமதி கேட்டு, முறைப்படி யாங்கோனா என்ற பானத்துக்கான வேரை ஊர்ப் பெரியவர் முன் வைத்தான். அவரும் தொட்டு ஏற்றுக்கொண்டார். மூன்று மாதமாகிவிட்டது. அவன் பெயர் ஒருநாளும் வரவில்லை.

"நாளைக்கு எனக்கு ஏதும் வேலை இருக்குங்களா?"

"ஐயோ, நீங்க விருந்தாளி. சும்மா உக்காருங்க" என்பான் இசிமேலி.

"விருந்தாளின்னா என்னைக்காவது கிளம்பணும்" என்றாள் தெரேத்தியா. பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டாள். "சனிக்கிழமை படகு. அதுக்குள்ள உன்னைக் கூப்பிடலைன்னா ஏறிடுவோம்."

வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரி ஒலிபெருக்கி, பதாகை சகிதம் 'பன்முகப் பண்பாட்டு ஒற்றுமை நாள்' நடத்த வந்து இறங்கினார். பௌரோவுக்கு மாலை போட்டு மேடை நாற்காலியில் உட்காரவைத்தார். வந்தாரை அரவணைப்பது பற்றிப் பேச ஆரம்பித்தவர், முக்கால் மணி நேரம் கழித்தும் அரவணைத்துக்கொண்டேயிருந்தார். பௌரோவின் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. மேடைக்குப் பின்னால், மண் மூடிய குழியடுப்பில் விருந்துக்கான பன்றி. அதிகாரி பேசும்போது எழுந்திருப்பது மரியாதையில்லை என்று ஊரே அசையாமல் தீய்ந்த வாடையை முகர்ந்துகொண்டிருந்தது.

இசிமேலிதான் முதலில் வெடித்தான்.

"டேய் பௌரோ! கல்யாண மாப்பிள்ளையாட்டம் குந்தியிருக்கே! பன்னி கருகுது, மூக்கு என்ன அடைச்சிருக்கா? பக்கத்துல நீதானே இருக்கே, மம்பட்டிய எடுடா மச்சான்!"

அதிகாரி அதிர்ந்துபோனார். "விருந்தினரை இப்படியா பேசறது?"

விருந்தினர் அதற்குள் மாலையைக் கழற்றி அதிகாரியின் கழுத்திலேயே மாட்டிவிட்டுக் குதித்துவிட்டார். மூன்று மாதத்தில் அவன் பல்லை அன்றுதான் பார்த்தோம். பன்றியில் பாதி கரி. அந்தப் பாதி, உரிய மரியாதையோடு, அதிகாரியின் இலைக்குப் போனது.

சனிக்கிழமைப் படகு அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் சங்கு ஊதியது. "பள்ளிக்கூடக் கக்கூஸ், பௌரோ!" தெரேத்தியா பாய்க்கட்டை அவிழ்த்தாள்.

அடுத்த வாரம் சங்கு ஊதியபோது வாசலில் அவனைக் காணோம். என் வீட்டுக்குப் பின்னால், நான் வழக்கமாக ஒளியும் வாழைப் புதரில், எனக்கு முன்பே குந்தியிருந்தான்.

"தலையைக் குனி மச்சான்" என்றான். "இந்தப் பக்கமாத்தான் வர்றான்."