பெயர் வைக்காத கட்டிடம்

கிரேக்க நாட்டு யானினா நகரத்தில் பில்டர் கிட்சோஸ் கட்டிய அடுக்குமாடிகளைத் தெருப் பெயர் சொல்லி யாரும் தேடுவதில்லை. வசிலோ எங்கே, அக்லாயா எங்கே என்றுதான் கேட்பார்கள். எல்லாம் பெண்களின் பெயர்கள். நிலம் கொடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர்தான் வாசல் கல்லில் ஏறும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

நிலம் உங்களுடையது, கட்டுவது நான். முடிந்ததும் சில வீடுகள் உங்களுக்கு, மீதி எனக்கு. நாடு முழுக்க நடக்கிற ஏற்பாடுதான் இது. மற்ற பில்டர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் பேசுவார்கள். கிட்சோஸ் நேரே சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பிலிருந்து இறங்கிய, கீரை அடைத்துச் சுட்ட பீட்டாவில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கித் தின்பார். "பத்திரம் ஆம்பளை பேர்ல இருக்கும். சம்மதம் அடுப்பாங்கரையிலதான் இருக்கும்" என்பார்.

முதல் கட்டிடம் வசிலோ, ஏரிக்கரையில். குழாய் போட்டவர் எதையோ மாற்றி இணைத்துவிட, முதல் குளிர்காலம் முழுக்கக் கழிப்பறைத் தொட்டிகளில் வெந்நீர் ஓடியது. குடிவந்தவர்கள் புகார் சொல்லவில்லை, உறவினர்களைக் கூட்டிவந்து காட்டிப் பெருமைப்பட்டார்கள். அக்லாயாவுக்கு நிலம் கொடுத்த வீட்டுக்காரி, தன் சீதன அலமாரி நுழையாத லிஃப்டில் தானும் நுழைய மாட்டேன் என்றாள். அந்த லிஃப்டுக்குள் இன்றைக்கும் ஒரு சோபாவைப் போட்டு உட்காரலாம். ஸ்டமாத்தியா கட்டிடம் மட்டும் நாடு நொடித்த காலத்தில் பாதியில் நின்று, எலும்புக்கூடாய்ப் பல வருடம் குருவிகளுக்கு வீடாக இருந்தது. அப்போதுதான் மகள் பொலிக்ஸேனி பொறியியல் முடித்து வந்தாள். அதன் பெரிய வீடுகளை எல்லாம் சின்ன அறைகளாக்கி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு விட்டாள். கம்பெனி பிழைத்தது. பலகையில் 'கிட்சோஸ் அண்ட் மகள்' என்று எழுத்து மாறியது.

இப்போது எழுகிற கட்டிடத்துக்குத்தான் பெயர் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் பனாயிஸ், கெஃபலோனியாத் தீவிலிருந்து வந்த ஆட்டு டாக்டர். வயது நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அத்தை விட்டுப்போன பழைய வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று வந்தவர், மலையிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஆடுகள் வரிசையில் நிற்கவே இங்கேயே தங்கிவிட்டார்.

"அத்தை பேரையே வெச்சிடலாமே?" என்று கிட்சோஸ் கேட்டதற்கு, "அபார்ட்மெண்ட்டைக் கண்டாலே காறித் துப்புவாங்க சார். பேரை வெச்சா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்திடுவாங்க" என்றார் அவர்.

வாசல் கல் வெறுமையாகவே கிடந்தது.

பொலிக்ஸேனிக்குப் பெயர் பெரிய கவலை இல்லை. அவளுடைய கவலை வேறு. பனாயிஸ் தன் பங்கு வீடுகளை எடுத்துக்கொண்டு இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் கம்பெனிக்கே விற்றுவிட்டுத் தீவுக்குத் திரும்பலாம். "மேல்தளம் போடுற அன்னிக்குச் சொல்றேன்" என்றிருந்தார். அவர் சைட் ஆபீசுக்கு வருவார், சண்டை போடுவார், காப்பி குடிப்பார், போவார். அவர் வராத நாட்களில் காப்பி ஏன் ருசிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயதில் அதை யாரிடம் சொல்வது?

கடைசியாக நடந்த சண்டை அவர் பங்கு வீட்டின் சமையல் மேடைக்காக. கதவு உயரம் இருக்கிற மனிதர், மேடையை இறக்கிப் போடச் சொன்னார்.

"இவ்வளவு தாழ்வாவா? ஒரு வெங்காயம் நறுக்கறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சிடும் சார்."

"ஒடியட்டும் எஞ்சினியரம்மா. இறக்குங்க."

"தீவுக்காரங்க எல்லாருமே இப்படிக் கிறுக்குத்தானா?"

"இல்ல. நான் கொஞ்சம் தெளிவானவன்."

தலையில் அடித்துக்கொண்டு வரைபடத்தை மாற்றினாள்.

மேல்தளம் போட்ட நாள் வந்தது. அன்றைக்கு உச்சியில் சிலுவை நட்டு, அதிலிருந்து கயிறு கட்டுவார்கள். வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும் வேலையாட்களுக்காகக் கொண்டுவரும் சட்டை, துண்டு, கைக்குட்டை எல்லாம் அந்தக் கயிற்றில் தொங்கும். ஒவ்வொன்றையும் கொடுத்தவர் பெயரைச் சொல்லி, தெருவே கேட்கும்படி வாழ்த்திக் கூவுவது மேஸ்திரி லாம்ப்ரோஸின் உரிமை. வசிலோ காலத்திலிருந்து கூவும் தொண்டை அது.

கீழே அப்பாவோடு நின்ற பொலிக்ஸேனி, பனாயிஸ் ஒரு பெரிய பையை மேஸ்திரியிடம் கொடுப்பதைப் பார்த்தாள். பனாயிஸின் முகம் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தது. ஊருக்குக் கிளம்புகிறவரின் முகம் என்று அவளுக்குப் பட்டது.

"டாக்டர் பனாயிஸ் கொடுத்த நீலச் சட்டை!" மேலிருந்து லாம்ப்ரோஸ் கூவினார். "அவர் கை வெச்ச ஆடெல்லாம் ரெட்டைக்குட்டி போடட்டும்!"

தெரு சிரித்தது. இன்னொரு சட்டை. இன்னொரு வாழ்த்து. பிறகு கயிற்றில் ஏதோ பச்சையாக வழுக்கிக்கொண்டு ஏறியது. குருவிகள் அச்சடித்த பட்டு ஸ்கார்ஃப்.

பனாயிஸ் கையை உயர்த்தினார். "மேஸ்திரி! அது இல்ல! அது பையோட அடியில தனியா..."

லாம்ப்ரோஸ் மீசைக்குள் சிரித்தார். "டாக்டர் பனாயிஸ் கொடுத்த பட்டுத் துணி! யாருப்பா கட்டிக்கிறது?"

கம்பி கட்டும் தடியன் ஒருவன் அதைத் தலையில் போட்டு முடிந்துகொண்டு இடுப்பை ஆட்டினான். பக்கத்து பால்கனிகளிலிருந்து விசில் பறந்தது.

"இறக்கிக் குடுங்க மேஸ்திரி, தயவு பண்ணி!"

"உங்க தீவுல எப்படியோ. இங்க கயித்துல ஏறினது சும்மா இறங்காது டாக்டர். யாருக்குன்னு சொல்லுங்க, கூவித்தான் இறக்குவேன்."

பனாயிஸ் சுற்றிலும் பார்த்தார். தெருவில் இருந்த ஒருவர் கூட வேறு பக்கம் பார்க்கவில்லை.

"எஞ்சினியரம்மாவுக்கு" என்றார்.

"கேக்கல!"

"பொலிக்ஸேனிக்கு!"

அவர் அவள் பெயரைச் சொல்வது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் காதுமடல் சுட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி தர்ற பரிசா?"

"யார் ஊருக்குப் போறா?"

"விக்கிறீங்களா, இருக்கீங்களான்னு நீங்க இன்னும் சொல்லலியே."

"விக்கிறவன் மேடை உயரத்துக்கா சண்டை போடுவான்?" பனாயிஸுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆபீஸ்ல அந்த இரும்பு மேசைகிட்ட நின்னுதானே தினம் காப்பி கலக்குவீங்க, முழங்கையைத் தூக்கிக்கிட்டு? உயரம் ஒத்துவராம எத்தனை தடவை கொட்டியிருக்கீங்க! அதை விட ஒரு ஜாண் இறக்கினா சரியா இருக்கும்னு..." பாதியில் நிறுத்திவிட்டார். 

பொலிக்ஸேனி மனதுக்குள் அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். தாழ்ந்த மேடை. அதன் எதிரே யார் நின்றால் தோள் இறங்கி, கை இயல்பாகப் படியும்? இவ்வளவு காலம் படித்த படிப்புக்கு இது புரியவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கிட்சோஸ் தொண்டையைச் செருமினார். "நிலத்துக்காரர் சொல்லிட்டார். அடுப்பாங்கரை என்ன சொல்லுது?"

"அப்பா!"

"நான் எத்தனை வீட்டு அடுப்பாங்கரையில பீட்டா தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டேன் இதுக்காக. என் வீட்டுல மட்டும் கேக்காம விட்டுடுவேனா?"

அவள் தலையை உயர்த்தி மேஸ்திரியைப் பார்த்தாள். "லாம்ப்ரோஸ் மாமா, அதை இறக்குங்க. முதல்ல அந்தத் தடியன் தலையிலேர்ந்து எடுங்க, வேர்வை பட்டுடப் போவுது."

லாம்ப்ரோஸ் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அன்றைக்கு அவர் கூவியது ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவு வரை கேட்டதாகப் படகுக்காரர்கள் பிறகு சொன்னார்கள். "டாக்டர் பனாயிஸ் கொடுத்த பச்சைப் பட்டு! எங்க பொலிக்ஸேனிப் பாப்பாவுக்கு! ரெண்டு பேரும் சண்டை போட்டே கிழடு தட்டட்டும்!"

ஸ்கார்ஃப் கை மாறிக் கை மாறிக் கீழே வந்தது. பனாயிஸ் அதை வாங்கி, எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் ஆட்டுக்குட்டியைப் பிடிப்பது போல் இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். அவளே எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

சிப்பூரோ சாராயக் கோப்பைகள் நிரம்பத் தொடங்கின. கல் செதுக்குகிறவர் வந்து கிட்சோஸின் காதில் ஏதோ கேட்டார். கிட்சோஸ் மகளைக் காட்டித் தலையசைத்தார்.

"வேணாம்ப்பா, நானே கட்டி நானே பேர் வெச்சுக்கிட்டேன்னு ஊரு சிரிக்கும்."

"நிலம் கொடுத்த வீட்டுப் பொண்ணு பேருதான் எப்பவும். வழக்கத்தை மாத்த நீ யாரு?"

பொலிக்ஸேனி ஸ்கார்ஃபின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். பனாயிஸ் பக்கம் திரும்பினாள். "மேடையை ஒரு ஜாண் இறக்கறது ரொம்ப அதிகம். நாலு விரல் போதும்."

"ஒரு ஜாண்."

"நிக்கப் போறது நானா நீங்களா?"

அவர் கையை விரித்து, கட்டைவிரலை மடக்கினார். "நாலு விரல்" என்றார்.