உருண்டை வியாபாரம்

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாளுக்குப் பத்து லிட்டர் கறக்காவிட்டால் என் செவலைப் பசுவை விற்றுவிட வேண்டும். மும்பையில் மாஹிம் ஓரத்துத் தபேலாவில், அதாவது மாட்டுக்கொட்டகையில், எனக்கு ஒரு மாடு கட்ட இடம் விட்டிருக்கும் காளிராஜ் முடிவாகச் சொல்லிவிட்டான். கறக்கும் பாலை அவன்தான் வாங்கி விற்கிறான். ஏழு லிட்டர் மாடு அவனுக்கு இடத்தை அடைக்கிற மாடு. அவன் கணக்கு சரிதான், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"யக்கா, ஒரு ஊசி போட்டா பால் தன்னால இறங்கிரும். போடுதவன் போடத்தான செய்தான்?" என்றான்.

"மாடு கெட்டுப்போனா நீயா கன்னு போடுவ?" என்றேன்.

தினமும் காலையில் கறந்து முடிந்ததும் செவலையை மாட்டுங்கா கோயில் வாசலில் கட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து, கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்த உருண்டை விற்பேன். வாங்குகிறவர்கள் என் மாட்டுக்கே ஊட்டிவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை அறுபது உருண்டை போகும். சனிக்கிழமை பால் குறையும். மூன்று மாதமாக இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மாட்டு டாக்டர் நுஸ்ரத்தான் சாணியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னக்கா, மாவா குடுக்கீங்க? வயிறு புளிச்சுக் கெடக்கு. பொறவு பால் எப்படி வரும்?"

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன், அதுவும் கூவிக் கூவி!

அன்றே உருண்டைச் சட்டியைக் கவிழ்த்தேன். கோயில் பக்கமே போகவில்லை. வைக்கோல், பச்சைப்புல், அளவாகப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, அவ்வளவுதான். கைக்காசு நின்றதில் என் வீட்டுக்காரர் சுடலை இரண்டு நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஏழு எட்டானது, எட்டு ஒன்பதானது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அனந்தநாராயணன் சார் விசாரித்துக்கொண்டு தபேலாவுக்கே வந்துவிட்டார். மாட்டுங்காக்காரர், கோயில் வாசலில் என் முதல் வாடிக்கை. கையில் வாழையிலைப் பொட்டலம், அதில் சாதமும் அதிரசமும்.

"இன்னிக்கு ஆத்துக்காரி திதிம்மா. பசு சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடணும்."

மணி இரண்டு. மனிதர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் இலைக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"தர விடமாட்டேன் சார்."

"நீயேதானேம்மா இத்தனை நாள் வித்தே?"

"வித்தேன். அதான் மாடு கைய விட்டுப் போவப்போவுது."

அவர் முகம் சிறுத்துப்போனது. ஒரு பிடி புல்லை அவர் கையில் திணித்தேன். "இதக் குடுங்க சார். இதுவும் அது வயித்துக்குத்தான் போவுது." குனிந்து கொடுத்தார். செவலை மென்றது. அவர் அழுதார். நானும்தான்.

ஞாயிறு காலை, முந்தின சாயங்காலப் பாலையும் சேர்த்துக் காளிராஜ் அளந்தான். பத்து லிட்டர், மேலே ஒரு டம்ளர். நம்பாமல் மறுபடி அளந்தான்.

"சரிக்கா. அப்ப அடுத்த மாசம் பன்னெண்டு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பன்னெண்டு கறக்கணும்னா தீவனத்துல பாதிக் காசு நீ போடுல. பாலு மட்டும் ஒனக்கு, பிண்ணாக்கு எனக்கா?"

காளிராஜ் மாட்டைப் பார்த்தான், பால் கேனைப் பார்த்தான், தாடையைச் சொறிந்தான்.

"பாதி முடியாதுக்கா. கால்வாசின்னா போடுதேன்."

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. தீவனத்துக்குப் பேரம் பேசுகிறவன் மாட்டை விற்கச் சொல்ல மாட்டான்.