விண்ணப்பத்தில் விட்டுப்போன ஆறு மாதம்

விடிவதற்குள் லாரியின் சிமெண்டு மூட்டைகள் இறங்கியாக வேண்டும். வெந்து ஆறிய இடது தோள் சுமை தாங்காது. வலது தோளே இரண்டுக்கும் உழைத்தது. வியர்வையில் குழைந்த தூள் கழுத்தில் இறுகி அரித்தது. பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை.

இந்தச் சுமை வேலைக்கு முன் கொதிகலன் ஆலையில் வெல்டராக இருந்தேன். காண்டிராக்ட் மாறியதும் எங்கள் எல்லோரையும் வெளியே நிறுத்தி, புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பத்தை முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்குமாம். அது கழித்துவிட்டால் மனிதக் கண்ணுக்கே போகாது. இருப்பதோ கொஞ்சம் இடம். ஒரே குழாயின் இரு பக்கமும் நின்று பற்றவைத்தவர்கள், தெருவில் எதிர்ப்பட்டால் செல்போனைப் பார்த்தபடி விலகிப் போனோம்.

என் விண்ணப்பம் மறுபடி மறுபடி திரும்பி வந்தது. எழுத்துக்கூட்டப் பழகியதே தலை நரைத்த பிறகுதான். பிரவுசிங் சென்டர் பெண்ணிடம் போய் நின்றேன்.

“குழாய் ஒட்டுவேன்னு எழுதினா அதுக்குப் புரியாதுண்ணே. விளம்பரத்துல ‘உயர் அழுத்தக் குழாய் வெல்டிங்’னு இருக்கு பாருங்க, அதே வார்த்தையைப் போடணும்.” தட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “இந்த ஆறு மாசம் சும்மாவா இருந்தீங்க?”

“ஆலையில நீராவிக் குழாய் வெடிச்சு ஆஸ்பத்திரில கெடந்தேன்மா.”

“இடைவெளி இருந்தா தள்ளிடும். வேற ஒர்க்ஷாப்ல இருந்ததாப் போட்டுரவா?”

போடச் சொன்னேன். அன்று வாடகை அறையில் சட்டையைக் கழற்றும்போது, தழும்பைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதைச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

ஆலையின் பழைய மேனேஜர்தான்; என்னை மறக்கவில்லை.

“வாய்யா. அந்த ஆறு மாசம் ஏதோ ஒர்க்ஷாப்ல இருந்தியாமே?”

“கம்ப்யூட்டருக்காக எழுதினது சார்.”

“எழுதினது நீதானே? அப்ப நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்கியே, அது பொய்யா?” ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். “வாபஸ் வாங்குறேன்னு கையெழுத்துப் போடு. நாளைக்கே வேலைக்கு வா.”

“தோள் வெந்தது உங்க குழாயில சார்.”

“எந்தத் தோளு? உன் விண்ணப்பத்துல அப்படி ஒண்ணும் இல்லையே.”

“யோசிச்சுட்டு வர்றேன்.”

“வெளிய நிறைய பேரு இருக்கான். சீக்கிரம் யோசி.”

வெளியே பெஞ்சில் எங்கள் பழைய ஆட்கள். நடுவே நடுவே இடம் விட்டு, விண்ணப்பத்தை மடியில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று என்னை நீராவிக்குள்ளிருந்து தூக்கி வந்தவர் ஃபிட்டர் அண்ணன். அந்த வெடிப்புக்கு நியாயம் கேட்டு வேலையை நிறுத்தியதற்காக இவர்களை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உள்ளே நடந்ததைச் சொன்னேன்.

“அந்த மாசத்துக்கு நீங்க என்னண்ணே எழுதினீங்க?”

மடியிலிருந்த தாளைத் திருப்பினார். “கட்டட வேலைன்னு.”

கிரேன் ஓட்டும் அக்கா மெல்லச் சொன்னாள்: “நான் தையல் கடைன்னு போட்டேன். எனக்குப் பொத்தான் தைக்கக்கூட வராது.”

“நல்லாருக்கு” என்றார் அண்ணன். “அப்ப ஆலையில ஒரு சண்டையும் நடக்கல. குழாய் ஒழுங்கா இருந்துச்சு. இவன் பொழுதுபோகாம ஆஸ்பத்திரில போய்ப் படுத்திருக்கான்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது அக்கா நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் இடைவெளி இல்லை.

“தனித்தனியாப் போனா தனித்தனியா கையெழுத்து வாங்குவான்” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கட்டட வேலையைப் பேனாவால் அடித்தார். மேலே, ‘வேலைநிறுத்தம்’ என்று எழுதினார். பேனா கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. என் தாளில் ஒர்க்ஷாப்பை அடித்துவிட்டு, ‘உங்கள் ஆலையில் வெந்தேன்’ என்று எழுதினேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

கதவைத் திறந்து, “அடுத்த ஆள்” என்றார் பியூன்.

எல்லோரும் எழுந்தோம்.

“ஒருத்தர் ஒருத்தராப்பா.”

“பரவால்ல, நாங்க நெருக்கி நின்னுக்கிறோம்” என்றாள் அக்கா.

உள்ளே மேனேஜருக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.